63 பக்க ஒப்பந்தமும் ஒரு பிளாப்பியும்

2004ஆம் வருடம் கும்பகோணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர், மணிக்கு 20 ரூபாய். வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தவறாமல் வந்துவிடுவார். சார்ஜாவில் இருக்கும் மகள் அனுப்பிய மெயிலை இரண்டு தடவை படிப்பார். அப்புறம் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டிப் பதில் போடுவார். மகள் பெயரை மட்டும் கடைசியில் பெரிய எழுத்தில் அடிப்பார்.

அன்றைக்கு அவர் உட்கார்ந்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்ததும், யாஹூ வரவேண்டிய இடத்தில் வேறொரு பக்கம் வந்தது. அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று. எல்லாம் பார்க்கக் கூசும் படங்கள். மூட மூட முளைத்துக்கொண்டே இருந்தன. பக்கத்து சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் பரீட்சை ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் எழுந்து நின்று, மானிட்டரைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் எதையும் தொடலை தம்பி. சத்தியமா நான் எதையும் தொடலை."

ஊரே எழுந்து நின்று வணக்கம் சொல்கிற மனிதர் அவர். 22 வயதுப் பையனிடம் சத்தியம் செய்யும் நிலைமையில் அவரை நிறுத்தியது ஒரு மென்பொருள். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அவர் சொன்னது உண்மைதான். அவருக்கு முன்னால் அந்த சீட்டில் உட்கார்ந்த யாரோ ஒரு பையன் பாட்டு இறக்கும் மென்பொருளைப் போட்டு, "ஐ அக்ரீ" பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருக்கலாம். அல்லது யாரும் எதையும் அழுத்தாமல், ஒரு பக்கத்தைத் திறந்த மாத்திரத்திலேயே அது உள்ளே வந்திருக்கலாம். எப்படி இருந்தாலும் சார் எதற்கும் சம்மதிக்கவில்லை. இப்படிக் கேட்காமல் உள்ளே புகுந்து, நாம் செய்வதை வேவுபார்த்து விளம்பரம் எறியும் மென்பொருளுக்குப் பெயர் ஸ்பைவேர். அதைச் செய்தவர்களுக்கும் அதை நீக்கும் கருவிகளைச் செய்தவர்களுக்கும் நடந்த சண்டையைப் பற்றி அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்து வந்திருக்கிறேன். படிக்கப் படிக்க, அந்தச் சண்டை முழுவதும் சாருடைய அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் கடையில் எல்லாவற்றுக்கும் பெயர் "வைரஸ்"தான். எல்லாவற்றுக்கும் வைத்தியமும் ஒன்றுதான்: ஃபார்மட் அடி. ஆனால் வைரஸும் ஸ்பைவேரும் ஒன்றல்ல. வைரஸ் எழுதியவனுக்கு முகவரி கிடையாது. ஸ்பைவேருக்கு அலுவலகம் இருந்தது, முதலீட்டாளர்கள் இருந்தார்கள், வக்கீல்கள் இருந்தார்கள், கையில் உங்கள் சம்மதம் என்று காட்ட ஒரு ஒப்பந்தமும் இருந்தது. பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஆரம்பத்தில் இதில் கை வைக்கத் தயங்கியதற்கு அதுவே காரணம். வைரஸை அழித்தால் யாரும் கேஸ் போட மாட்டார்கள். இதை அழித்தால் போடுவார்கள்.

அதனால் முதலில் களத்தில் இறங்கியவர்கள் தனிமனிதர்கள். 2000இல் அமெரிக்காவின் ஸ்டீவ் கிப்சன், தன் கணினியில் கேட்காமல் வந்து உட்கார்ந்திருந்த ஒரு விளம்பர மென்பொருளைக் கண்டுபிடித்து, அதை எடுப்பதற்கு 'ஆப்ட்அவுட்' என்ற சின்னக் கருவியை எழுதி வெளியிட்டார். லாவாசாஃப்ட் என்ற நிறுவனத்தின் 'ஆட்-அவேர்' வந்தது. ஜெர்மனியில் பாட்ரிக் கொல்லா என்ற இளைஞர் 'ஸ்பைபாட்' எழுதினார். இரண்டையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ள முடிந்தது.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. 2002இல் 'ராட்லைட்' என்ற வீடியோ பிளேயரின் ஒரு பதிப்பு வந்தது. அதைப் போட்டால், கணினியில் ஏற்கனவே இருக்கும் ஆட்-அவேரைச் சத்தமில்லாமல் கழற்றிவிடும். ஏன் என்று கேட்டால், ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறோமே என்றார்கள். உண்மையிலேயே எழுதியிருந்தது. கூட வரும் விளம்பர மென்பொருட்களை நீக்க ஆட்-அவேர் போன்றவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் ஒரு வரி. வீட்டுக்கு வந்த விருந்தாளி, வாசலில் நிற்கும் காவல்காரரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பத்திரத்தை நீட்டுகிற மாதிரி.

இந்தப் பத்திர வித்தையில் எல்லோரையும் மிஞ்சியது 'கேட்டர்'. கடவுச்சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளும், படிவங்களை நிரப்பும் என்று சொல்லி வந்த மென்பொருள் அது. காசா மாதிரி பாட்டுப் பரிமாற்ற மென்பொருட்களோடு ஒட்டிக்கொண்டும் வந்தது. நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்து, அதற்கேற்ற விளம்பரத்தை மேலே எறியும். 2004இல் பங்குச் சந்தைக்குப் போகத் தாக்கல் செய்த ஆவணத்தில், 4 கோடிக்கும் மேற்பட்ட கணினிகளில் தாங்கள் இருப்பதாகவும், 2003இல் சுமார் 9 கோடி டாலர் வருமானம் என்றும் அந்த நிறுவனமே சொன்னது.

ஸ்பைவேர் ஆய்வாளர் பென் எடெல்மன் 2004 நவம்பரில் கேட்டரின் ஒப்பந்தத்தை உட்கார்ந்து முழுதாகப் படித்தார். திரையில் பார்த்தால் 63 பக்கம். சின்னப் பெட்டிக்குள் உருட்டி உருட்டிப் படிக்க வேண்டும். உள்ளே இரண்டு விஷயங்கள் புதைந்திருந்தன. ஒன்று, அவர்கள் அனுமதிக்காத கருவிகளால் அதை நீக்கக் கூடாது. இரண்டாவது இன்னும் மோசம்: அந்த மென்பொருள் தன் சர்வரோடு என்ன பேசுகிறது என்று இடையில் புகுந்து பார்க்கும் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் கணினி, உங்கள் இணைப்பு, உங்கள் மின்சாரம். ஆனால் உங்களைப் பற்றி வெளியே என்ன போகிறது என்று நீங்கள் எட்டிப் பார்த்தால் அது ஒப்பந்த மீறல். அதைப் படித்த அன்று எனக்குச் சார் ஞாபகம்தான் வந்தது.

'ஸ்பைவேர்' என்ற சொல்லையே கேட்டர் எதிர்த்தது. நாங்கள் 'ஆட்வேர்', அதாவது விளம்பர மென்பொருள், மரியாதையாகச் சொல்லுங்கள் என்றது. பிசி பிட்ஸ்டாப் என்ற நிறுவனம் தன் தளத்தில் கேட்டரை ஸ்பைவேர் என்று எழுதியது. 2003இல் கேட்டர் வழக்குப் போட்டது. அது சமரசத்தில் முடிந்தது, பிசி பிட்ஸ்டாப் அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டது. அதே வருடம் அக்டோபரில் கேட்டர் தன் பெயரையே 'க்ளாரியா' என்று மாற்றிக்கொண்டது. 

ஆனால் பிசி பிட்ஸ்டாப் அதற்கப்புறம் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். தன்னுடைய மென்பொருள் ஒப்பந்தத்துக்குள் ஒரு வரியைச் சேர்த்தது: இதைப் படிப்பவர் இந்த முகவரிக்கு எழுதினால் பரிசு உண்டு. நான்கு மாதங்கள் போயின. 3000 பேருக்கு மேல் இறக்கிக்கொண்டார்கள். ஒரே ஒருவர் எழுதினார். அவருக்கு 1000 டாலர் அனுப்பிவைத்தார்கள். "ஐ அக்ரீ" என்று அழுத்துவது சம்மதம் ஆகாது என்பதற்கு இதைவிட நேரடியான நிரூபணத்தை நான் பார்த்ததில்லை.

இன்னொரு ஒப்பந்தத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்பைபாட்டை நிறுவும்போதும் ஒரு உரிமப் பக்கம் வரும். அதில் முதல் விஷயமே, இது ஏன் இலவசம் என்பதற்கான காரணம். உலகத்திலேயே அற்புதமான பெண்ணுக்கு இதைச் சமர்ப்பிப்பதாகக் கொல்லா எழுதியிருந்தார். அதனால்தான் இலவசம். கடையில் ராத்திரி எட்டு கம்ப்யூட்டர்களிலும் வரிசையாக அதைப் போட்டுக்கொண்டு வரும்போது, எட்டு தடவை அந்த வரியைப் படித்திருக்கிறேன். முகம் தெரியாத இருவருடைய காதலால் கும்பகோணத்தில் எங்கள் எட்டு மெஷின்கள் பிழைத்தன.

சரி, இப்போது மெரினுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

மெரின் பெல்லெகாம் நெதர்லாந்தைச் சேர்ந்த மாணவர். 2003 மே மாதம் ஒரு புதிய தொல்லை தலைகாட்டியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஏதாவது ஒரு பெட்டிக்குள் டைப் செய்தால் எழுத்து உடனே தெரியாது. "அன்புள்ள" என்று அடித்து முடித்து, கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தால், எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். காரணம் ஒரு சின்ன ஸ்டைல்ஷீட் கோப்பு. பக்கத்தின் நிறத்தையும் எழுத்தின் அளவையும் சொல்ல வேண்டிய கோப்புக்குள் விளம்பரத்தைத் திறக்கும் நிரலை ஒளித்துவைத்திருந்தார்கள். அது ஒவ்வொரு பக்கத்திலும் ஓடிக்கொண்டே இருந்ததால்தான் தட்டச்சு தள்ளாடியது. அதன் பின்னாலேயே அடுத்த வடிவம், அடுத்த வடிவம் என்று வந்தன. எல்லாம் கடைசியில் 'கூல்வெப்சர்ச்' என்ற தேடல் பக்கத்தோடு தொடர்புள்ள இடங்களுக்கே ஆளைக் கொண்டுபோய் விட்டன. சில வடிவங்கள் மைக்ரோசாஃப்டின் பழைய ஜாவாவில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்தன. அங்கே பத்திரமும் இல்லை, பொத்தானும் இல்லை. பக்கத்தைத் திறந்தாலே போதும்.

மெரின் இதை மட்டும் நீக்குவதற்கென்றே 'சிடபிள்யூ ஷ்ரெடர்' என்ற கருவியை எழுதினார். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் வைத்து, முதலில் கண்ணில் பட்ட தேதி, அறிகுறி, கையால் நீக்கும் வழி என்று ஒரு வரலாறே எழுதிவந்தார். அதில் "புத்திசாலித்தனம்" என்று ஒரு தலைப்பு வைத்து, எதிரிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டார். எதிரியின் வேலையை அவ்வளவு கவனமாகப் படித்த ஆள் அவர்.

எதிராளியும் அவரைப் படித்துக்கொண்டிருந்தான். 'ஸ்மார்ட்கில்லர்' என்று ஒரு வடிவம் வந்தது. சிடபிள்யூ ஷ்ரெடரைத் திறந்தால் அது தானாக மூடிக்கொள்ளும். ஸ்பைபாட்டைத் திறந்தால் அதுவும் மூடிக்கொள்ளும். உதவி கேட்கலாம் என்று ஸ்பைவேர் ஒழிப்புத் தளங்களுக்குப் போனால் பிரவுசரே மூடிக்கொள்ளும். மருந்தை மட்டும் தடுக்கவில்லை, வைத்தியர் வீட்டுக்குப் போகிற பாதையையும் வெட்டிவிட்டார்கள். அதற்குப் பதிலடியாக, முதலில் அந்த ஸ்மார்ட்கில்லரை மட்டும் கொல்லும் ஒரு குட்டிக் கருவி ஸ்பைபாட் பக்கத்திலிருந்து வந்தது. அதை ஓட்டிவிட்டு, அப்புறம் ஷ்ரெடரை ஓட்ட வேண்டும். 2004இன் தொடக்கத்தில் இப்படிப்பட்ட உதவித் தளங்கள் மேல் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை ஏவிவிட்டு அவற்றை முடக்கும் தாக்குதலும் நடந்தது. சம்பளம் இல்லாமல், படிப்புக்கு நடுவே வேலை பார்த்த ஒரு மாணவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 2004இல் ஷ்ரெடரைத் தொடர்ந்து பராமரிக்க முடியாது என்று மெரின் விலகினார். அந்தக் கருவி ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது.

அவர் எழுதிய இன்னொரு கருவி எங்கள் கடையில் எனக்குக் கிடைத்த பெரிய வரம். 'ஹைஜாக்திஸ்'. ஒரு பிளாப்பிக்குள், அதாவது அந்தக் காலத்துச் சின்னச் சேமிப்புத் தகட்டுக்குள், அடங்கிவிடும் அளவுதான். பாதிக்கப்பட்ட மெஷினில் இறக்க முடியாது என்பதால் வேறொரு கடையில் இறக்கி, பிளாப்பியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். கோப்பின் பெயரை வேறு ஏதாவதாக மாற்றிவைத்துத் திறப்பேன், பெயரைப் பார்த்து மூடிவிடாமல் இருக்க.

அதன் அழகு என்னவென்றால், இது கெட்டது என்று அது தானாக எதையும் சொல்லாது. கணினிக்குள் ஸ்பைவேர் ஒட்டிக்கொள்ளக்கூடிய மூலை முடுக்குகளையெல்லாம் தடவிப் பார்த்து, அங்கே என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் ஒரு பட்டியலாக எழுதிக் கையில் கொடுக்கும். 'ஆர்0' என்று தொடங்கும் வரி, முகப்புப் பக்கம் எது என்று சொல்லும். 'ஓ1' என்றால், எந்தத் தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். 'ஓ2' பிரவுசரோடு ஒட்டிக்கொண்டவை. 'ஓ4' கணினி எழும்போதே கூட எழுபவை. எது உன்னுடையது, எது வந்தேறி என்று நீதான் படித்து, டிக் செய்து, நீக்க வேண்டும்.

ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டியலை அப்படியே பிரதி எடுத்து உதவிக் குழுக்களில் போட்டால், உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் ஒருவர், இந்த வரி, இந்த வரி, இந்த வரி என்று குறித்துப் பதில் போடுவார். பத்து பைசா வாங்காமல். மூன்று மாதத்தில் வரிகளின் முகம் எனக்கே பழகிவிட்டது. விண்டோஸின் உண்மையான கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கும், அதே பெயரோடு போலி எங்கே உட்காரும், ஓர் எழுத்து மட்டும் எப்படி மாறியிருக்கும் என்று கண் தானாகப் பிடித்துவிடும். ரேஷன் கடைக்காரர் அரிசியைக் கையில் அள்ளியதும் கல்லைக் கண்டுபிடிப்பது மாதிரி.

தப்பும் செய்தேன். ஒருநாள் இணைய இணைப்பின் சங்கிலிக்குள் நடுக் கண்ணியாகப் புகுந்திருந்த ஒரு கோப்பைக் கண்டுபிடித்து, சந்தோஷமாக அழித்துவிட்டேன். அத்தோடு அந்த மெஷினில் இன்டர்நெட்டே செத்துப்போனது. நடுக் கண்ணியை அறுத்தால் சங்கிலி முழுவதும் போகும். அதைத் தெரிந்துதான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. அறுந்த சங்கிலியைத் திரும்பக் கோர்ப்பதற்கென்றே 'எல்எஸ்பி-ஃபிக்ஸ்' என்று ஒரு இலவசக் கருவி இருப்பதை மறுநாள் கண்டுபிடித்தேன். பிளாப்பியில் அதுவும் ஏறியது.

அந்த வியாழன் சம்பவத்துக்கு அடுத்த வாரம் சார் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நானே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்: "சார், சரிபண்ணிட்டேன், வாங்க." வந்தார். ஆனால் அதன்பிறகு உட்காரும் முன் என்னைப் பார்த்து, "நீயே ஒருதரம் திறந்து குடுத்துடு தம்பி" என்பார். கடைசிவரை அப்படித்தான்.

நீதிமன்றத்தில் நடந்த சண்டை வேறு மாதிரி. ஆட்-அவேர் எங்கள் மென்பொருளை நீக்குகிறது என்று 'நியூ.நெட்' என்ற நிறுவனம் 2003இல் லாவாசாஃப்ட் மேல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. நீதிமன்றம் லாவாசாஃப்ட் பக்கமே நின்றது. அதற்கு அடுத்த வருடம் இன்னொரு விசித்திரம். அவென்யூ மீடியா என்ற விளம்பர மென்பொருள் நிறுவனம், டைரக்ட் ரெவின்யூ என்ற இன்னொரு விளம்பர மென்பொருள் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. மக்களின் கணினிகளில் இருக்கும் எங்கள் மென்பொருளை உங்கள் மென்பொருள் அழிக்கிறது என்பது புகார். கணினியின் சொந்தக்காரர் இரண்டு பேருக்குமே ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

டைரக்ட் ரெவின்யூ மேல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் 2006இல் வழக்குத் தொடுத்தார். 2008இல் அது தள்ளுபடி ஆனது. பயனர்கள் ஒப்பந்தத்தை ஏற்று கிளிக் செய்திருக்கிறார்களே என்று நீதிமன்றம் சொன்னது. நடுவில் அமெரிக்க வணிக ஆணையம் 15 லட்சம் டாலரில் அந்த நிறுவனத்தோடு சமரசம் செய்தபோது, ஜான் லீபோவிட்ஸ் என்ற ஆணையர் ஒருவர் மட்டும் எதிர்த்து எழுதினார்: இதன் முதலாளிகள் 2 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்துப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள், இது என்ன தண்டனை?

ஒழிப்பவர்கள் பக்கமும் எல்லாம் வெள்ளையாக இல்லை. அவர்களுக்கென்று 'கோஸ்ட்' என்று ஒரு கூட்டமைப்பு இருந்தது. 2005 தொடக்கத்தில், விளம்பர மென்பொருள் செய்யும் 180சொல்யூஷன்ஸையே அது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. வெப்ரூட் உள்ளிட்ட ஒழிப்பு நிறுவனங்கள் வெளியேறின, கூட்டமைப்பு சிதறியது. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் க்ளாரியாவை வாங்கப் பேசுவதாகச் செய்தி வந்தது. கொஞ்ச நாளில் மைக்ரோசாஃப்டின் ஸ்பைவேர் ஒழிப்பு மென்பொருள் க்ளாரியாவைப் பார்த்தால் சொல்லும் பரிந்துரை "தனிமைப்படுத்து" என்பதிலிருந்து "விட்டுவிடு" என்று மாறியது. இரண்டுக்கும் தொடர்பில்லை, எல்லோருக்கும் பொதுவான அளவுகோல்தான் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தை அன்றைக்கு நான் நம்பவில்லை. இன்றைக்கும் என் மனம் ஒப்பவில்லை.

இதைவிடக் கேவலம், ஸ்பைவேரை ஒழிக்கிறேன் என்று வந்த போலிகள். 'ஸ்பைஷெரிஃப்', 'வின்ஃபிக்ஸர்' என்று வரும். உங்கள் கணினியில் இத்தனை ஆபத்து என்று சிவப்பில் கத்தும், நீக்கப் பணம் கேட்கும். ஆபத்து அதுவேதான். இப்படிப்பட்ட போலிகளைப் பரப்பிய ஒரு கூட்டத்தின் மேல் 2008இல் வழக்குப் போட்ட அமெரிக்க வணிக ஆணையம், ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் அதிகம் என்றது. பயந்த மனிதனின் கையில் நீட்டுகிற மருந்துச் சீட்டைப் போலியாக அடிப்பவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சட்டத்தில் திருப்பம் கொண்டுவந்தது ஸாங்கோ வழக்கு. 180சொல்யூஷன்ஸ்தான் பெயர் மாறி ஸாங்கோ ஆனது. அவர்களுடைய மென்பொருள் 7 கோடிக்கும் அதிகமான தடவை இறக்கப்பட்டு, 690 கோடிக்கும் மேற்பட்ட விளம்பரங்களை மக்களின் முகத்தில் வீசியதாக வணிக ஆணையம் சொன்னது. 2006இல் 30 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தார்கள். அடுத்த வருடமே, எங்கள் மென்பொருளைத் தடுக்கிறீர்கள் என்று ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கி மேல் வழக்கு. காஸ்பர்ஸ்கி கையில் எடுத்தது அமெரிக்கத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 230ஆம் பிரிவு. ஆட்சேபத்துக்குரியதை வடிகட்டும் கருவியைப் பயனருக்குக் கொடுப்பவரைப் பாதுகாக்கும் ஒரு உட்பிரிவு அதில் இருக்கிறது. கீழ் நீதிமன்றம் காஸ்பர்ஸ்கி பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2009 ஜூன் 25 அன்று ஒன்பதாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தீர்ப்பைக் கேட்க ஸாங்கோ இல்லை. ஏப்ரலிலேயே கடையை மூடியிருந்தது.

அந்தத் தீர்ப்பில் ஃபிஷர் என்ற நீதிபதி, முடிவோடு ஒத்துப்போய்விட்டு, தனியாக ஒரு கவலையை எழுதினார். தடுக்கும் கருவியே நாளைக்குத் தன் வியாபாரத்துக்காகப் போட்டியாளரைத் தடுத்தால், பயனருக்கு அது தெரியவே தெரியாதே என்று. பத்து வருடம் கழித்து அந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது. மால்வேர்பைட்ஸ் என்ற ஒழிப்பு மென்பொருள் நிறுவனம் எங்கள் மென்பொருளை "தேவையற்றது" என்று முத்திரை குத்துகிறது என்று எனிக்மா என்ற போட்டி நிறுவனம் வழக்காட, போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு தடுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்று அதே நீதிமன்றம் 2019இல் சொன்னது. ஃபிஷரின் கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன். காவலுக்கு வந்தவனுக்கும் வீட்டுக்காரனின் வார்த்தைதான் உத்தரவு.

பிரவுசிங் சென்டர் 2009இல் மூடப்பட்டது. கேட்டர், ஸாங்கோ எல்லாம் போய்ச் சேர்ந்தன. ஹைஜாக்திஸை 2007இல் ட்ரெண்ட் மைக்ரோ என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வாங்கி, 2012இல் அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. முடிந்த கதை என்றே நான் நினைத்திருந்தேன்.

2021 ஜூலையில் பெகாசஸ் செய்தி வந்தது. இஸ்ரேலின் என்எஸ்ஓ என்ற நிறுவனம் செய்து அரசாங்கங்களுக்கு விற்கும் ஸ்பைவேர். கசிந்த போன் எண்களின் பட்டியலில் தமிழ்நாட்டைச் சேர்ந்த சிலருடைய எண்களும் இருந்தன. பட்டியலில் எண் இருந்தாலே போனுக்குள் புகுந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் ஆய்வகம் அப்போது 67 போன்களைச் சோதித்ததில், 37இல் தடயங்கள் கிடைத்தன. இங்கே "ஐ அக்ரீ" என்ற ஒரு பொத்தானே கிடையாது. 2019இல் வாட்ஸ்அப் வழியாக நடந்த தாக்குதலில், வருகிற அழைப்பை எடுக்கக்கூட வேண்டியதில்லை. சுமார் 1400 பேர் குறிவைக்கப்பட்டார்கள். 63 பக்கத்தை உருட்டுகிற கஷ்டத்தைக்கூட அவர்கள் யாருக்கும் கொடுக்கவில்லை.

கண்டுபிடிப்பவர்களைத் துரத்தும் வழக்கமும் மாறவில்லை. பெகாசஸை முதலில் அம்பலப்படுத்திய கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர் ஒருவரைச் சந்திக்க, 2019 தொடக்கத்தில் பொய்ப் பெயரில் ஆள் வந்தான். நியூயார்க் ஹோட்டலில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வாயைக் கிளறினான். ஜான் ஸ்காட்-ரெயில்டன் என்ற அந்த ஆய்வாளர் முன்னாலேயே சந்தேகப்பட்டுப் பத்திரிகையாளர்களை அங்கே வரவழைத்திருந்தார், ஆள் மாட்டிக்கொண்டு எழுந்து போனான். தனக்குச் சம்பந்தமில்லை என்று என்எஸ்ஓ சொன்னது. வாட்ஸ்அப் தொடுத்த வழக்கில் 2025 மே மாதம் அமெரிக்க ஜூரி 16 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் தண்டம் விதித்தது. பிறகு நீதிபதி அதைச் சுமார் 40 லட்சமாகக் குறைத்துவிட்டு, வாட்ஸ்அப்பைத் தொடவே கூடாது என்று நிரந்தரத் தடை போட்டார்.

ஆம்னெஸ்டியின் தொழில்நுட்ப அறிக்கையை ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். ஐபோனுக்குள் எந்த மென்பொருள் எவ்வளவு டேட்டா செலவழித்தது என்று கணக்கு வைக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. அதற்குள் இரண்டு அட்டவணைகள். ஒன்றில் மென்பொருளின் பெயர், இன்னொன்றில் அது செலவழித்த அளவு. பெகாசஸ் தன் தடயத்தை மறைக்க முதல் அட்டவணைக்குள் போய்த் தன் பெயரை அழித்துவிட்டது. இரண்டாவதை அழிக்கவில்லை. பெயரில்லாத செலவு அங்கே அப்படியே கிடந்தது. அட்டவணைகளை வரிக்கு வரி ஒப்பிட்டு அதைப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பத்தியை அடைந்தபோது மணி இரண்டு. கும்பகோணத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, 'ஓ4' வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்த ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன்.